குண்டுக்கு இன்னொரு பெயர்

"வீட்ல ஈயம் ஏதாவது புழங்குறீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

சிதம்பரம் கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். சுவரில் தொப்பி போட்ட யானைப் படம். டெட்டால் வாசனைக்கு அடியில் ஏதோ ஒரு குழந்தை வாந்தியெடுத்த வாசனை. என் அக்கா அஞ்சலை ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், மடிக்கு அடங்காத உயரத்தில், அவள் மகள் சந்தியா. ஒன்றாம் வகுப்பு. நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். எங்கள் முழியைப் பார்த்து அவரே விளக்கம் சொன்னார்.

"ஈயச் சொம்பு, ஈயம் பூசுன பாத்திரம்... ரசம் வைப்பாங்களே, அந்த மாதிரி."

அக்காவுக்கு உயிர் வந்தது. சிரித்தேவிட்டாள். "அய்ய, நாங்க எங்க சார் ஈயச் சொம்புக்குப் போறது? அலுமினியக் குண்டான்தான். மீன் கொழம்புக்கு மண்சட்டி."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

அந்தச் 'சரி'யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. அவர் கேட்டது தப்பில்லை, அக்கா சொன்னதும் பொய்யில்லை. சிதம்பரத்துக்காரருக்கு ஈயம் என்றால் ரசம். எங்களுக்கு ஈயம் என்றால் ஒன்றுமே இல்லை.

அதற்கு முன்னால் அவர் சந்தியாவின் முன் மரக்கட்டைகளைப் பரப்பி, மஞ்சளை எடு, சிவப்பை எடு என்று சொல்லிப் பார்த்திருந்தார். அவள் எல்லாவற்றையும் தொட்டாள், ஒன்றையும் எடுக்கவில்லை. உன் பேர் என்ன என்றார். அம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்தபடி நெடுநேரம் யோசித்தாள். பேர் மறந்துபோனதா, சொன்னால் அடி விழும் என்று பயமா, தெரியவில்லை.

"ஃபேமிலில யாராவது படிப்பு ஏறாதவங்க இருக்காங்களா?"

அக்கா கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினாள். "இவன்தான் சார். என் கூடப் பொறந்தவன். எட்டாவது பாதியில நின்னுட்டான்."

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தேடிய சாமான் கிடைத்துவிட்டதுபோல் தலையை ஆட்டினார்.

"அதான். பொறப்புலயே கொஞ்சம் மந்தம். பூச்சி மருந்தும் டானிக்கும் எழுதறேன். படிப்புல ஜாஸ்தி எதிர்பார்க்காதீங்க."

கடலூருக்குத் திரும்புகிற பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

"உன்னைக் கை காட்டுனதுக்குக் கோவமா குமாரு?"

"இல்லக்கா."

"எதனா ஒண்ணு சொன்னாத்தான அவுரும் மருந்து எழுதுவாரு."

சந்தியா என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாயோரம் எச்சில் வழிந்தது. அவளுக்கு ஏதோ ஒரு வியாதி, அதற்கு நான் ஒரு சாட்சி என்று ஆகிவிட்டது எனக்கு.

எட்டாவது பாதியில்

நான் படிப்பு ஏறாமல் நின்றவன் இல்லை. இதை எழுத்தில் சொல்லிவைக்க இப்போதாவது ஒரு இடம் கிடைத்ததே.

எனக்குக் கடல் என்றால் பயம். தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் பயப்படுகிறவனை என்ன செய்வது? இரண்டொரு முறை அப்பா கட்டுமரத்தில் ஏற்றிப் பார்த்தார். கரை மறைந்ததும் அழுதேன். வாந்தியெடுத்தேன். கரைக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "கடலுக்கு வராதவனுக்குப் படிப்பு எதுக்கு?" இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை நான் ஒரு தையற்கடையில் பட்டன் கட்டிக்கொண்டிருந்தேன்.

பயம் மட்டும் என்னை விட்டு எங்கும் போகவில்லை. பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். குழந்தை தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். என் மனைவி தேவி, "உங்க பயத்துல பாதிய வித்தாலே நாம பணக்காரங்க ஆயிடலாம்" என்பாள்.

இத்தனைக்கும் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்பட எனக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது?

முந்திக்கொண்டவள்

சந்தியாவும் என் மகள் பவித்ராவும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். சுனாமி அலை வந்த வருஷத்துக் கோடையில். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், ஒரே சேலையைக் கிழித்துக் கட்டிய இரண்டு தூளிகள். ஒருத்தி அழுதால் எந்தத் தாய் பக்கத்தில் இருக்கிறாளோ அவள் பால் கொடுப்பாள்.

இருவரில் முந்தியவள் சந்தியாதான். முதலில் குப்புற விழுந்தது அவள். முதலில் முகம் பார்த்துச் சிரித்தது அவள். என் மகள் தலை நிற்கவே நாளாயிற்று. நான் ராத்தூக்கம் இல்லாமல் கவலைப்பட்டது என் மகளைப் பற்றித்தான். அக்காதான் தேற்றினாள்: "ஒண்ணு ஓடும், ஒண்ணு நடக்கும். ரெண்டும் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்டா."

அலையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. வீடு போனது. பிள்ளைகள் பிழைத்தார்கள். அக்காவின் புருஷன் ஏழுமலை மாமாவின் வலது காலில் யாருடைய படகோ வந்து மோதியது. கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. ஆடுகிற படகில் இனி அந்தக் காலால் நிற்க முடியாது என்று ஆனது.

நானும் தேவியும் பவித்ராவும் கடலைவிட்டுத் தள்ளிச் செம்மண்டலத்துக்கு வந்துவிட்டோம். தையற்கடை முதலாளி தன் வீட்டுப் பின்புறம் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்தார். இரக்கம் என்றும் சொல்லலாம், பொங்கல் சீசன் என்றும் சொல்லலாம். அக்கா குடும்பம் தார்ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகைக்குப் போனது. வரிசை வரிசையாகக் கறுப்புக் கொட்டகைகள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். பகலில் உள்ளே போனால் அடுப்புக்குள் போன மாதிரி இருக்கும்.

அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு குழந்தை இந்தப் பக்கம் வந்தது, ஒரு குழந்தை அந்தப் பக்கம் போனது. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கொட்டகைக்குப் போயிருந்தோம். என் சட்டைப் பையில் கடை பட்டன்கள் கொஞ்சம் கிடந்தன. பிள்ளைகள் விளையாடட்டும் என்று பாயில் கொட்டினேன். பவித்ரா ஒன்றை விழுங்கப் பார்த்து அடி வாங்கினாள். சந்தியா உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு ஓட்டை பட்டன் ஒரு பக்கம், நாலு ஓட்டை பட்டன் ஒரு பக்கம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடக்கவே தடுமாறுகிற வயசு. கடையில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது பிரித்ததை விட வேகமாகப் பிரித்தாள்.

ஏழுமலை மாமா அதைப் பார்த்துவிட்டு, "மச்சான், உன் வேலைக்கு ஆள் வந்துடுச்சுடா" என்றார்.

கட்டி, தண்ணி, குண்டு

மாமா சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள் இல்லை. கால்தானே போயிற்று, கை இருக்கிறதே என்று வலை கட்டுகிற வேலையில் இறங்கினார்.

அந்த நாட்களில் ஊருக்குள் புதுப் படகுகளும் புது வலைகளும் வந்து குவிந்தன. வலை என்று வருவது வெறும் வலைத்துணிதான். மேல் கயிற்றில் மிதப்புக் கட்ட வேண்டும், கீழ்க் கயிற்றில் கனத்துக்குக் குண்டு கோக்க வேண்டும். அப்போதுதான் அது கடலில் சுவர் மாதிரி நிற்கும். இந்த வேலைக்கு ஆள் பற்றாக்குறை. மாமாவின் கொட்டகைக்கு முன்னால் எப்போதும் யாருடைய வலையாவது குவிந்து கிடக்கும்.

குண்டு செய்வது இப்படி. பழைய இரும்புக் கடையிலிருந்து சாம்பல் நிறக் கட்டிகள் வாங்கி வருவார். பிள்ளைகளுக்கு வந்த நிவாரணப் பால்பவுடர் டப்பாவில் அதைப் போட்டு அடுப்பில் வைப்பார். கொஞ்ச நேரத்தில் அது தண்ணியாகி நிலா மாதிரி மின்னும். மேலே ஆடை படியும். அதைக் கரண்டியால் ஒதுக்கித் தரையில் தட்டிவிட்டு, தண்ணியை அச்சில் ஊற்றுவார். ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கிக் கயிற்றில் சுற்றி, பல்லால் ஒரே கடி. கயிற்றைக் கவ்விக்கொண்டு குண்டு நின்றுவிடும். இடுக்கியும் வைத்திருந்தார். ஆனால் பல்தான் வேகம்.

அடுப்பு கொட்டகைக்கு உள்ளேதான். வெளியே கடற்காற்று நெருப்பை நிற்க விடாது. அதே அடுப்பில்தான் சோறு. அதே தரையில்தான் சந்தியா தவழ்ந்ததும், நடந்ததும், தூங்கியதும்.

கடையில் வாங்கும்போது அது கட்டி. உருகினால் தண்ணி. வலையில் ஏறினால் குண்டு. அந்த வீட்டில் யாரும், ஒரு நாளும், அதை ஈயம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

சந்தியாவுக்குக் கொடுத்த வேலை குண்டு எடுத்துக் கொடுப்பது. இரண்டு கையும் நிறைந்தால் மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு வருவாள். "சில்லுன்னு இருக்கு மாமா" என்று எனக்கும் ஒன்றை நீட்டியிருக்கிறாள்.

நான் அங்கே போகும்போதெல்லாம் கத்துவேன். எதற்கு? நெருப்புக்கு. "மாமா, பச்சப் புள்ள கால்ல ஊத்திடப் போவுது! கொட்டாய் தீப்புடிச்சா எப்புடி வெளிய வருவீங்க?"

மாமா அக்காவைப் பார்த்துக் கண்ணடிப்பார். "உன் தம்பி வந்துட்டான் பாரு, ஃபயர் சர்வீஸு."

மந்தம் என்ற ஒரு சொல்

எங்கள் பக்கத்தில் மந்தம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. சாப்பிட்டது செரிக்காமல் கிடந்தால் வயிறு மந்தம். சொன்னது ஏறாமல் கிடந்தால் புத்தி மந்தம். சந்தியாவுக்கு இரண்டும் வந்தது.

மூன்று வயதுக்கு மேல் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். வெளிக்குப் போவதே கஷ்டம். அக்கா ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள், விளக்கெண்ணெய் தடவினாள், மந்திரிக்கக் கொண்டுபோனாள். முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று. எதற்கெடுத்தாலும் கத்துவாள், கையில் கிடைத்ததை எறிவாள். பேசிக்கொண்டிருந்த பேச்சும் குறைந்தது. பட்டன் கொடுத்தால் குவித்து வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தாள்.

வயிற்றுக்கும் தலைக்கும் சேர்த்து ஒரே சொல்லை வைத்திருந்த எங்களுக்கு, இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மட்டும் தோன்றவில்லை.

இதற்குள் பவித்ரா பேசத் தொடங்கிவிட்டாள். பேச்சென்றால் நிறுத்த முடியாத பேச்சு. கடைக்கு வருகிற டீச்சரம்மாக்கள் எல்லாருக்கும் அவள் செல்லம். அவர்களிடமிருந்து பாட்டும் எண்ணும் வந்தன.

பிச்சாவரம் பக்கத்தில் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தலில் யாரோ பவித்ராவைத் தூக்கி நாற்காலி மேல் நிறுத்தினார்கள். அவள் ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லி, கைதட்டல் வாங்கி, இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அடுத்து சந்தியாவை ஏற்றினார்கள். அவள் அம்மாவைத் தேடினாள். பிறகு பாவாடையை நனைத்துவிட்டாள்.

மாமாவின் அத்தை ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "ஒரே மாசத்துப் புள்ளைங்கதான். ஒண்ணு வெளக்கு, ஒண்ணு வெளக்குக்குக் கீழ இருட்டு."

"செம்மண்டலத்துத் தண்ணி அப்புடி போல!" என்று இன்னொருவர். பந்தலே சிரித்தது.

விளையாட்டாகச் சொன்ன அந்த ஆள்தான் அங்கே உண்மைக்குப் பக்கத்தில் நின்றவர். ஆனால் சிரித்து முடித்ததும் எல்லோரும் ரத்தத்துக்குப் போய்விட்டார்கள். எந்த வழியில் வந்தது இந்த மந்தம்? மாமா வழியில் அப்படி யாரும் இல்லையாம். அப்படியானால் அக்கா வழி. அக்கா வழியில் யார்? எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நூறு வரை சொன்ன பெண்ணின் அப்பாவும் நான்தான் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

அக்கா சந்தியாவின் பாவாடையைப் பிழிந்துகொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், "இவதான் மொதல்ல பேசுனா" என்றாள். யாரும் கேட்கவில்லை.

கொட்டகைகளைப் பிரித்துவிட்டு அவர்களுக்குச் சிமெண்ட் வீடு கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு. குண்டு அடுப்பும் கூடவே குடிவந்தது. பள்ளிக்கூடத்தில் சந்தியாவைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இவளை வேறு மாதிரிப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று டீச்சர் சொன்ன பிறகுதான் நாங்கள் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். அந்த டாக்டரின் டானிக் பாட்டில்கள் வீட்டில் வரிசையாக நின்றன. அவளிடம் மாற்றம் இல்லை.

வாயைத் திறந்து பார்த்தவர்

அதன் பிறகு ஓரிரு வருஷம் போயிருக்கும். மாதா கோயில் மண்டபம் ஒன்றில் இலவச மருத்துவ முகாம். அக்கா போகமாட்டேன் என்றாள். "இன்னொருத்தன் வேற மந்தம்னு சொல்லணுமா?" நான்தான் நச்சரித்து அழைத்துப் போனேன்.

சின்ன வயசு டாக்டரம்மா. வரிசை நீளம், மின்விசிறி ஓடவில்லை, அவருக்கு முகமெல்லாம் வேர்வை. சந்தியாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாயைத் தொறடா தங்கம்" என்றார். டார்ச் அடித்தார். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில், பென்சிலால் இழுத்தது போல், நீலக் கறுப்பில் மெல்லிய கோடு. நாங்கள் அதைத் தினமும் பார்த்திருக்கிறோம். ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அக்கா அடித்தும் இருக்கிறாள்.

"பாப்பாவோட அப்பாவுக்கு என்ன வேலை?"

"வலை கட்டுவாரு."

"வலையில கனத்துக்கு என்ன கட்டுவீங்க?"

"குண்டு."

"குண்டு எதுல செய்வீங்க?"

"கட்டி வாங்கி உருக்குவாரு."

"என்ன கட்டிம்மா?"

அக்கா திணறினாள். கட்டி என்றால் கட்டிதானே. அதற்கு மேல் என்ன சொல்வது என்று என்னைப் பார்த்தாள். பழைய இரும்புக் கடைப் பலகையில் எப்போதோ படித்த ஒரு சொல் என் வாயிலிருந்து வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அது என்ன சொல் என்று எனக்கே கேட்டது.

"ஈயம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கி அவுரு சொம்புன்னுதானடா கேட்டாரு?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். புகையிலும் தூசியிலும் எச்சிலிலும் அது உள்ளே போகும். ரத்தத்தில் இரும்புச்சத்து உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். மூளை வளர்கிற வயசில் போனால் மூளையைத்தான் முதலில் தொடும். பெரியவர்களுக்கு வயிற்றுவலியோடு போகிற விஷயம் கைக்குழந்தைக்கு அப்படியே தங்கிவிடும். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது, இருக்கவே கூடாதது, ஆபத்து என்று சொல்லும் அளவைவிடப் பல மடங்கு இருந்தது.

"சரியாயிடுமா மேடம்?" என்றேன்.

"இனிமே ஏறாம பார்த்துக்கலாம். வயித்துவலி போயிடும். ரத்தம் ஊறும். ஆனா..."

காகிதத்தை மடித்துக்கொண்டே வேறொன்று கேட்டார்.

"வீட்ல கைக்குழந்தை யாராவது இருக்காங்களா?"

இருந்தான். சந்தியாவுக்குத் தம்பி, அஜய். அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான். அதே தரையில்.

யார் கெடுத்தது

முடிவு தெரிந்த அன்று மத்தியானமே மாமாவின் முன்னால் போய் நின்றேன். அவர் வலைக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். உதட்டோரம் ஒரு குண்டு.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குண்டைக் கையில் துப்பினார்.

"இன்னா மச்சான் பேசற? எங்கப்பன் குண்டு கடிச்சவன். எங்க தாத்தன் கடிச்சவன். அவுங்கல்லாம் மக்குங்களா? நட்சத்திரத்தப் பாத்துக் கரை சேந்தவங்கடா."

"அவுங்க வளந்தப்புறம் கடிச்சாங்க மாமா. கடற்கரைக் காத்துல கடிச்சாங்க. இது ஒரே ரூம்பு. சோறும் இங்க, புகையும் இங்க."

"கடலுக்குப் பயந்து ஓடுனவன் நீ. இப்ப குண்டுக்கும் பயப்படற. நாளைக்கு மீனுக்குப் பயப்படுவ."

"மாமா, அஜய் தவழறான்."

"அப்ப எம்மவள நான்தான் கெடுத்தேன்றியா?"

கோணல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதன், ஒருவரிடமும் கை நீட்டாமல் தன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குச் சோறு போட்டவன். அந்தச் சோற்றைச் சம்பாதித்த வேலைதான் இது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அன்றுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பிறவிக்குணம், ரத்தம், வழி, வித்து என்று நாம் இத்தனை சொற்கள் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொறப்பு என்று சொல்லிவிட்டால் கெடுத்தவர் யாரும் இல்லை. டாக்டருக்கு வசதி. டீச்சருக்கு வசதி. ஒரே அறையில் ஒரு குடும்பத்தை அடைத்தவர்களுக்கு எல்லோரையும் விட வசதி. ஏழுமலை மாமாவுக்கு அந்தச் சொல்லை விட்டால் ராத்தூக்கம் போய்விடும்.

அக்கா எழுந்து வந்தாள். அஜயை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அவன் முட்டியில் ஒட்டியிருந்த சாம்பல் தூசியை ஈரக் கையால் துடைத்தாள். துடைத்த கையைத் தன் கண் முன்னால் வைத்துப் பார்த்தாள். பிறகு வாசலில் போய் நின்றாள்.

"இந்தக் குண்டு வெளிய போவணும். இல்ல, நான் போவணும்."

"போ. எங்க போவ? உன் தம்பி கடையில பட்டனுக்குக் காஜா எடுக்கப் போறியா?"

"எடுப்பேன்யா. உன் மவன் ஒருத்தனாவது தன் பேரக் கேட்டா சொல்லட்டும்."

மாமா வலைக் கயிற்றைக் கால்விரலிலிருந்து கழற்றினார்.

பின் வரிசை

கொஞ்ச நாள் கழித்துப் போனேன். அறையே வேறு மாதிரி இருந்தது. தரையை அக்கா சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சிமெண்டையே வெளுக்க வைத்திருந்தாள். பால்பவுடர் டப்பா இல்லை, அச்சு இல்லை. அஜய் என் செருப்பைத் தேடித் தவழ்ந்து வந்தான். அவன் ரத்தத்தையும் சோதித்திருந்தார்கள், கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது, நல்லவேளை என்றார் டாக்டரம்மா. சந்தியாவுக்கு மாத்திரை போய்க்கொண்டிருந்தது. வயிற்றுவலி இல்லை. கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அவள் நோட்டுப் புத்தகத்தில் அ எழுதிக்கொண்டிருந்தாள். பவித்ரா அப்போது கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

மாமாவும் சாந்தமாக இருந்தார். எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார்.

"வேலைய விட்டுட்டீங்களா மாமா?"

"வேலைய வுட்டா சோறு? உருக்குறது கரையில, ஆலமரத்தாண்ட தட்டி மறைப்பு கட்டி. துண்டு நறுக்கிக் கடிச்சுக் கட்டுறது பின் வரிசையில வள்ளிகிட்ட குடுத்தாச்சு. கூலி குடுத்துடறேன். அவ புருஷன் கேரளா போயிகீறான், அதுக்கும் ஒரு ஒத்தாசை."

"அவகிட்ட விஷயத்தச் சொன்னீங்களா?"

மாமா டீயை ஊதினார். "சொன்னா எவ வாங்குவா மச்சான்?"

அக்கா சமையற்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் கொஞ்சம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

பின் வரிசையில் கடைசி வீடு. வள்ளி வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, கயிற்றில் குண்டைச் சுற்றி, கடித்து, தள்ளிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், இருபதைத் தாண்டியிருக்க மாட்டாள். பக்கத்தில் பாயில் ஒரு குழந்தை. உட்காரப் பழகி ரொம்ப நாளாகியிருக்காது. அதன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

நான் குனிந்து விரலை விட்டு, அதன் வாயிலிருந்து குண்டை எடுத்தேன்.

"அய்ய, அது எந்நேரமும் வாயிலதான் வெச்சினுகீது மாமா. பல்லு மொளைக்குது இல்ல, ஊறல்" என்றாள் வள்ளி.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம் என்ற பெயரைச் சொன்னேன். புகை, தூசி, எச்சில், ஈறில் கோடு, சந்தியா என்று ஒன்று விடாமல் சொன்னேன். வள்ளி கடிப்பதை நிறுத்திக் கேட்டாள். கடைசியில், "இதப் பண்ணாத வள்ளி. புள்ளைக்குப் புத்தி மங்கிடும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. என் மேல் பரிதாபப்பட்ட சிரிப்பு.

"போ மாமா. எங்க வூட்டுல அந்த வெளக்கு எரிஞ்சாத்தான மங்குறதுக்கு?"

அடுத்த குண்டை எடுத்துக் கடித்தாள்.

குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து எடுத்த குண்டு என் மூடிய கைக்குள் இருந்தது. இன்னொரு கையையும் மூடி, இரண்டையும் அதன் முன்னால் நீட்டினேன். பாயில் பட்டன் பிரித்த சந்தியாவின் ஞாபகமாக இருக்கலாம். அது ஒரு கையை எடுத்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தது. காலி. கொஞ்சமும் அழவில்லை. அந்தக் கையை விட்டுவிட்டு, என் முகத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மற்றக் கைக்கு வந்தது.